காற்றுக்காரரின் ஏசி அறை

அக்காவின் இரண்டு வளையல்களுக்கு அவர் கடன்பட்டிருந்தார். கம்ப்ரஸர் வாங்கக் கை கடித்தபோது அவள் கழற்றிக் கொடுத்தவை. முக்குளிக்க வருகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் சிலிண்டர்களில் காற்று அடைக்கும் மெஷின் அது. அது வந்த பிறகுதான் அவர் தீவில் ஓர் ஆளானார். பெயரே காற்றுக்காரர் என்றாயிற்று.

பள்ளிக்கூடத்துக்குச் சின்ன வயதிலேயே முழுக்குப் போட்டவர். கூலிக்குச் சிலிண்டர் சுமந்த அதே கரையில் சொந்தமாக விடுதி எழுப்பினார். தகரக் கூரை, மின்விசிறி, பொதுக் குளியலறை. குறைந்த காசில் தங்கி முக்குளிக்கலாம். ஓர் அறையில் மட்டும் ஏசி. வருகிறவர்களுக்கு முதலில் அந்தக் கதவைத் திறந்து குளிரைக் காட்டிவிட்டுத்தான், அவர்களுக்குரிய வேகிற அறைக்குக் கூட்டிப்போவார்.

கண் அறுவைக்குப் பணம் கேட்டு அக்கா படகேறி வந்தாள். ஏசி அறையைக் காட்டினார். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இருக்கறதுலயே மலிவா எது இருக்கோ அதக் குடு. வாடகை இந்தா."

"என்னக்கா, என்கிட்டயே வாடகையா?"

"ஓசியில தங்கிட்டு எந்த வாயால உன்கிட்ட கடனக் கேக்கறது?"

அவருக்குச் சுருக்கென்றது. "நாளைக்குப் பெரிய கூட்டம் வருதுக்கா. அவங்க காசு வந்ததும் மொத்தமும் உன் கையில."

கூட்டம் வந்தது. பணம் முழுதும் முன்கூட்டியே கொடுத்தார்கள். அவர்களுடைய தலைவருக்கு ஏசி அறை. சாயங்காலம் கரண்ட் போக, அறை ஜன்னலடியில் இருந்த ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது.

"ஏசி இருந்தும் தூங்க முடியாது போலிருக்கே" என்றார் தலைவர்.

அந்த அறையைப் பற்றி ஒரு சொல் குறைவாகக் கேட்கக் காற்றுக்காரரால் முடியாது. ஜெனரேட்டரை ஆள் வைத்து இழுத்து, கம்ப்ரஸர் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தினார். காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் அந்தப் பக்கம்தான் இருந்தது. அதனருகே பீடி பற்றவைத்தவனைக்கூட அடிக்கப் போயிருக்கிறார். அன்று காற்று கடலிலிருந்து வீசியதால் புகை புதர்ப்பக்கம் போனது. அதை நம்பி, மறுநாளுக்கான சிலிண்டர்களை அடைக்க மெஷினை ஓடவிட்டு, தான் முன்னுக்கு வந்த கதையைத் தலைவருக்குச் சொல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்தால் லேசில் எழுகிற ஆளா அவர்? இடையில் காற்று திசை மாறியது.

காலையில் சிலிண்டர்கள் படகில் ஏறின. கிளம்புமுன் ஒவ்வொன்றையும் லேசாகத் திறந்து மோந்து பார்ப்பது அவர் வழக்கம். முதலில் அடைத்தவை சுத்தம். அடுத்ததில் மூக்கு நின்றது. ஏதோ எண்ணெய்ப் புகை, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு.

"இதப் பாரு" என்று படகோட்டியிடம் நீட்டினார்.

"ஒண்ணுமில்ல. காத்துதான். நேரமாகுதுண்ணே."

கரையில் அக்கா, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு கிளம்பிவிட்டால் பணம் அவளுடையது. ஆனால் ஆழத்தில் அந்தப் புகை ஆளை அலற விடாது. தூங்க வைத்துவிடும்.

அவர் படகில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எல்லாச் சிலிண்டர்களையும் திறந்துவிட்டார். சீறல் கரைவரை கேட்டது.

"என்னங்க பண்றீங்க?" என்றார் தலைவர்.

"காத்து கெட்டுப்போச்சு. தப்பு என்னுது."

"மறுபடி அடைங்க."

"மெஷினே புகை குடிச்சிருக்கு. பிரிச்சுக் கழுவணும். இன்னிக்கு ஆகாது."

பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு அவர்கள் பக்கத்து விடுதிக்குப் போனார்கள்.

அக்கா கேட்டாள்: "யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இல்லக்கா."

"அப்புறம் ஏன் எழவு வீட்டு மூஞ்சி?"

"உன் கண்ணு..."

"அது பாட்டுக்கு மங்கலா இருக்கட்டும். நீ எனக்குக் குரல்லயே தெரிவ. ஊருக்கே கேக்குதே உன் பெருமை."

 அவர் போய் ஏசி அறையைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பக்கத்து விடுதிக்காரரைக் கூப்பிட்டு விட்டார். ஏசி, மெத்தைக் கட்டில், டிவி, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் விலைக்குப் போய், தள்ளுவண்டியில் வெளியேறின. சுவரில் சதுரமாக ஓர் ஓட்டை மட்டும் மிஞ்சியது. அதன் வழியே கடல் தெரிந்தது.

மின்விசிறி அறையில் அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"கண்ணு தெரியல. சொல்லிச் சொல்லி வை."

இத்தனை வருஷம் உரக்கப் பேசியவர், மெல்ல, ஒவ்வொரு நோட்டாகச் சொல்லிக்கொண்டே, அந்த விரிந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.