மாட்டிக்கொண்ட டம்ளர்கள்

இன்று காலை பாத்திரம் கழுவும்போது இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டன. கீழ் டம்ளரை வெந்நீரில் நிறுத்தி, மேல் டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றித் திருகினேன். ‘டக்’கென்று விட்டது. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குச் சூடான பிளாஸ்டிக் வாசனை வந்துவிடும். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

டிப்ளமோ முடித்ததும் செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு சின்னக் கம்பெனியில் அச்சு வடிவமைக்கச் சேர்ந்தேன். பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, நனைந்த அப்பளம் போல் தொய்ந்ததும் அச்சின்மேல் இறக்கிக் காற்றை உறிஞ்சினால், அச்சோடு ஒட்டி உருவம் வந்துவிடும். வாசனையும் நம்மோடு ஒட்டிக்கொள்ளும்; மதியச் சாம்பாரில்கூட அதுதான் மணக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். “புள்ள கம்ப்யூட்டர்ல படம் போடறான்” என்று அப்பா ஏரிக்கரை வரைக்கும் சொல்லிவைத்திருந்தார்.

ஆறு மாதம் சோதனைக் காலம். என் முதல் அச்சு, மிளகாய் நாற்று வளர்க்கும் குழித்தட்டு. “இது நல்லா வந்தா நீ இங்கயே இருக்கலாம். இல்லாங்காட்டி வேற எடம் பாத்துக்க” என்றார் முதலாளி. குழியின் சுவர் சரிவாக இருந்தால்தான் தட்டு அச்சைவிட்டுக் கழலும் என்பது பாடம். தாராளமாகவே சரிவு கொடுத்தேன். மாதிரித் தட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

முதல் லோடு போன இரண்டாம் நாள் திருக்கழுக்குன்றம் சாலையிலிருந்த நாற்றுப் பண்ணையிலிருந்து போன். இருவரும் ஓடினோம். நூறு நூறாக அடுக்கி அனுப்பிய தட்டுகள், லாரி குலுக்கிய குலுக்கலில் இறுகி ஒரே கட்டையாகியிருந்தன. பெண்கள் முழங்காலுக்கு இடையில் இடுக்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி அஞ்சலை அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா தம்பி, நீதான் இத்த வரஞ்சியா? வூட்ல ஒருநாளாச்சும் பாத்திரம் கழுவிக்கிறியா?”

“இல்லக்கா.”

“அதான பாத்தேன். டம்ளர அடுக்கனா மாட்டிக்கும்னு எட்டு வயசுப் பொண்ணுக்கே தெரியுமே!”

எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும்தான். ஆனால் என் வேலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் வரை அவர்களோடு உட்கார்ந்து தட்டுகளைப் பிரித்தேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்தது.

பிறகு அச்சின் நான்கு மூலையிலும் சின்னதாக ஒரு படி வைத்தேன். மேல் தட்டு அந்தப் படியில் உட்காரும், உள்ளே இறங்காது. புதிய அடுக்கை முதலாளி ஓங்கித் தரையில் குத்திவிட்டு, மேல் தட்டை இரண்டு விரலால் தூக்கினார். வந்தது. “நாளைக்கு நேரத்தோட வா” என்றார். எனக்குக் கிடைத்த நிரந்தர ஆர்டர் அதுதான்.

அஞ்சலை அக்கா சொன்னது உண்மை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட என் அக்காதான் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவினாள். நான் குழாயடிப் பக்கம் போனாலே, “வுடுடா, நீ படிக்கிற புள்ள” என்று கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாள்.

பண்ணை இருந்த இடத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். என் அச்சையும் உருக்கி வேறு அச்சு வார்த்தாயிற்று. சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா நேற்று வந்திருக்கிறாள். காலையில் டீ குடித்துக்கொண்டே நான் கழுவுவதைப் பார்த்தாள். ‘வுடுடா’ வருமென்று காத்திருந்தேன்.

“அடியில சோப்பு கீது பாரு. நல்லா அலசு” என்றாள்.