தூக்க முடியாத கையோடு சொன்ன சாட்சி

சபையில் நான் ஒரு பொய்ச் சாட்சி சொன்னேன். வேண்டுமென்று அல்ல. ஆனாலும் பொய்தான். அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

கோவை கணபதியில் ஒரு பட்டறையில் டிரில்லிங் மெஷின் ஓட்டுகிறேன். வலது கையால் கைப்பிடியை இழுத்து இறக்குவதுதான் பிழைப்பு. போன வருஷம் ஜூனில் அந்தத் தோளில் வலி வந்தது. அடிபடவில்லை, விழவில்லை. புரண்டு படுத்தால் உயிர் போகும். சட்டை மாட்டக்கூட என் மனைவி எஸ்தர் வேண்டும். டாக்டரிடம் போகலாம் என்றால் அவள்மேல் எரிந்து விழுவேன். "ஆண்டவர் பாத்துக்குவாரு, நீ உன் வேலையப் பாரு!"

அக்டோபரில் வலி குறைந்தது. அந்த ஞாயிறே எழுந்து, சுகமாகிவிட்டேன் என்று சாட்சி சொன்னேன். பாஸ்டர் பூரித்துப்போய், "ரெண்டு கையையும் உசத்தி ஸ்தோத்திரம் சொல்லுங்க பிரதர்" என்றார். இடது கை மேலே போனது. வலது கை நெஞ்சுக்கு மேலே வரவில்லை. சபையே பார்த்தது. இடது கையையும் இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பட்டறையிலும் முதலாளி கவனித்துவிட்டார். "ஏனுங்க சாமுவேலு, இந்தக் கையோட மெஷின்ல நிக்காதீங்க. உக்காந்து, துளை போட்ட சாமானுக்கு அரத்தால பிசிறு எடுங்க. மே மாசத்துக்குள்ள சரியாகலீன்னா வேற ஆளத்தான் போடோணும்."

அன்று முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, உமக்கே கெட்ட பேரு வாங்கிக் குடுத்துப்போட்டேன். இனி என்ன செய்யோணும்னு நீரே சொல்லும்."

அடுத்த ஞாயிறு, நர்ஸாக இருக்கும் எங்கள் சபை மெர்சி அக்கா வழிமறித்தார். "ஏனுங்க தம்பி, சுகர் பாத்தீங்களா?"

பார்த்தேன். எக்கச்சக்கமாக இருந்தது. டாக்டர் விளக்கினார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுமாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம். முதலில் வலி. பிறகு வலி குறைந்து, மூட்டு இறுகிவிடும். அப்புறம்தான் மெல்ல இளகும்; அதற்கு வருஷக்கணக்கில்கூட ஆகலாம். அட கடவுளே, நோயின் இரண்டாம் கட்டத்துக்கு நான் அல்லேலூயா பாடியிருக்கிறேன்!

மாத்திரை சாப்பிட்டேன். சொல்லிக்கொடுத்தபடி தினமும் சுவரில் விரல்களை மேலே நகர்த்தினேன். விரல் எட்டிய இடத்தில் எஸ்தர் பென்சிலால் கோடு போடுவாள். வாரக்கணக்கில் கோடு அப்படியே நிற்கும். ஒரு நாள் பென்சிலைப் பிடுங்கி எறிந்தேன். "கோவிச்சுக்கிட்டா செவுரு எறங்கி வருமாக்கும்?" என்றாள். ஆத்திரத்தோடு ஜெபித்தேன். பிறகு ஆத்திரம் போய் ஜெபம் மட்டும் மிஞ்சியது. பங்குனி வெயில் ஏறிய சமயம் கோடும் ஏற ஆரம்பித்தது.

மே மாதம் கைப்பிடியை எட்டிப் பிடித்தேன். இழுத்தேன். இறங்கியது. "முழுசாத் தேறிடுச்சுங்களா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க. இன்னும் பாக்கி இருக்குதுங்க."

மெஷினை என்னிடமே கொடுத்தார்.

அன்பானவர்களே, ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். டாக்டரையும் பாருங்கள், பதில் அந்த வழியாகவும் வரும். என் கை இன்னும் காதுக்கு மேலே போகவில்லை. அதையும் மறைக்காமல்தான் அவருக்கு நன்றி சொல்கிறேன்.