பால் காய்ச்சிய காரவன்

ஊறிப்போன பிளைவுட்டும் தீய்ந்த பாலும் சேர்ந்தால் என்ன மணம் வரும் என்று கேட்டால், இந்த ஆக்லாந்தில் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நனைந்த நாயை அடுப்புக்குப் பக்கத்தில் கட்டிவைத்தது போல ஒரு மணம் அது. எனக்குப் பதினாலு வயதில் மூக்கில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

நான் படித்தவன் இல்லை, அதை மறைக்கவும் மாட்டேன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டேன். ஆனால் இன்றைக்கு இந்த ஊரில் யாருடைய காரவன், அந்தக் காருக்குப் பின்னால் இழுக்கிற வீட்டுவண்டி, ஒழுகினாலும் என்னுடைய பட்டறைக்குத்தான் வருகிறார்கள், என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள், அதில் இரண்டு பேர் எஞ்சினியருக்குப் படித்தவர்கள், சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்கிறார்கள். இவ்வளவுக்கும் முதற்காரணம் எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்ற ஒரு காரவன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்த ஊரின் சான்ட்ரிங்ஹாம் பக்கத்தில் ஒரு பழைய மரவீட்டில் நாங்களும் இன்னொரு குடும்பமுமாக எட்டுப் பேர் இருந்தோம். அந்த நேரத்தில் அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, மனைவியோடு வருவதற்கு விசா கிடைத்தது. மாமிக்கு அப்போது ஆறு மாதம். வீட்டுக்காரக் கிழவி நல்லவள்தான், ஆனால் வீட்டுக்குள் இனி ஒரு தலைகூடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பின்வளவில் காரவன் விட்டால் தனக்கு ஆட்சேபமில்லை என்றாள். ஆகவே அவர்கள் வந்து இறங்குவதற்குள் காய்ந்த கூரை ஒன்று வேண்டும். அம்மாவுக்கு அந்த மாதம் முழுக்க வேறு பேச்சே இல்லை.

அப்பா பழைய காரவன் ஒன்றைப் பார்த்துப் பிடித்தார். உல்லாசப் பயணத்துக்குச் சின்னக் காரின் பின்னால் கட்டி இழுக்கிற, பாரமில்லாத சாதி. விற்ற வெள்ளைக்காரர் பாரமில்லை, பாரமில்லை என்று அதையே பெருமையாகச் சொன்னார். அப்பா விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார், ‘டொக் டொக்’ என்று கேட்டது, உள்ளே மர வரி ஓடிய பழுப்பு நிறம் வேறு. "முதிரையோ தேக்கோ தெரியேல்லை, ஆனா நல்ல பலகை," என்று எங்களிடம் தமிழில் தீர்ப்புச் சொன்னார். காரவனின் நாலு மூலையிலும் அடியில் மடக்கியிருந்த இரும்புக் கால்களைக் காட்டி அந்த மனிதர் என்னவோ நீளமாக விளக்கினார். அப்பா எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்றார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கால்கள் அழகுக்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

புதன்கிழமை மாமா வருகிறார். அதற்கு முந்திய சனிக்கிழமை காலை நல்ல நேரம் இருந்தது. பால் காய்ச்சாமல் தன் தம்பியைக் குடிபுக விடமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். அடியில் உருளுகிற சில்லு வைத்திருந்தால் என்ன, ஆள் படுக்கிறது என்றால் அது வீடுதானே. அந்தக் காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம், ஒரு நல்ல காரியம் என்றால் பஸ் பிடித்தும் வந்து சேர்ந்துவிடுவார்கள். வீட்டாட்களும் சேர்த்து, என்னை விட்டுப் பதினாலு பேர் கூடினார்கள். அடுப்பு இருந்தது காரவனின் பின்கோடியில். பால் பொங்குவதைப் பார்க்காமல் வந்ததற்கு என்ன பலன் என்று பதினாலு பேரும் அந்தப் பின்கோடிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் வீட்டிலேயே குடியிருந்த செல்லையா அண்ணை, ஆள் நல்ல பருமன், "நான் வாசலிலை நிக்கிறன்" என்றார். "இல்லையண்ணை, பெரியாக்கள் முன்னுக்கு நிக்கவேணும்" என்று அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. "பொங்குது, பொங்குது" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

அவ்வளவுதான். தரை எங்கள் காலடியில் சரிந்தது. நான் கதவடியில் நின்றவன், காரவனின் முன்மூக்கு வானத்தைப் பார்த்து எழும்புவதைக் கண்ணாலே கண்டேன். நடுவில் இரண்டே இரண்டு சில்லு, அதன் மேல் தராசு மாதிரி ஆடுகிற ஒரு பெட்டி, தாங்கி நிற்கவேண்டிய அந்த இரும்புப் பின்கால்களை இறக்கவில்லை, பின்பக்கம் பதினாலு பேர். ‘டமார்’ என்று பின்மூலை போய்த் துணி காயப்போடுகிற கொடிக்கம்பத்தின் சீமெந்துக் கட்டில் இடித்தது. பால் பானை அப்பாவின் வேட்டியில். பாதிப் பால் அடுப்பில் தீய்ந்து புகைந்தது. அம்மா அந்த நேரத்திலும் கையை நீட்டி அடுப்பைத் திருகி நிறுத்தினார். ஒருவர் மேல் ஒருவராக வெளியில் வந்து விழுந்தார்கள். நல்லகாலம், யாருக்கும் காயமில்லை.

"நான் ஒருத்தன் நிண்டதுக்கோ உந்தப் பார்வை பாக்கிறியள்? பதினாலு பேர் நிண்டியள்!" என்று செல்லையா அண்ணை கத்தினார்.

"உங்களைக் கழிச்சா நாங்கள் பத்துப் பேர்தான் அண்ணை," என்றது ஒரு பெண்குரல். சிரிப்பு வெடித்தது.

அந்தச் சிரிப்பு அரை நிமிடமும் நிற்கவில்லை. ஏனென்றால் எல்லோரும் பின்மூலையைப் பார்த்துவிட்டோம். அலுமினியத் தகடு பிஸ்கட் டின் மூடி போலச் சுருண்டு கிடந்தது. அதற்குப் பின்னால் முதிரையும் இல்லை, தேக்கும் இல்லை. வெள்ளை நுரைத் தகடு ஒன்று, அதற்கப்பால் அட்டையைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு பிளைவுட், அதன் மேல் மரவரி அச்சடித்த கடதாசி. மொத்தச் சுவரின் தடிப்பும் என் பெருவிரல் நீளம்கூட இல்லை. இதையெல்லாம் தாங்கி நின்ற சட்டத்தை நான் தொட்டேன். விரல் உள்ளே போய்விட்டது. மரம் ஊறவைத்த புண்ணாக்கு மாதிரி என் கையோடு வந்தது, பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. ரோட்டிலே இழுத்துப்போய் ஆட்களை உள்ளே படுக்கவிடுகிற ஒன்றை இப்படியுமா செய்வார்கள்!

"இஞ்சருங்கோ, உதுக்குள்ளையோ என்ர தம்பியையும் பிள்ளைத்தாச்சியையும் படுக்க விடப்போறியள்?" என்று அம்மா கேட்டார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கடதாசியிலை வீடு கட்டி வித்துப்போட்டான்," என்று அப்பா சொல்லிக்கொண்டு, பாலில் நனைந்த வேட்டியோடு புல்லில் இருந்துவிட்டார்.

அவர் திங்கட்கிழமை சவர்க்காரத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகவேண்டும். செல்லையா அண்ணைக்குச் சுத்தியலின் எந்தப் பக்கத்தைப் பிடிப்பது என்பதே தெரியாது. யார் செய்தது? நான். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அங்கே என்னை யாரும் தேடவும் இல்லை. ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினேன், எதன் மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கழற்றினேன். வீதியோரம் பழைய தளபாடங்களைக் குவித்துவைத்து நகரசபை வந்து அள்ளுகிற வாரம் அது. அந்தக் குவியல்களிலிருந்து ஒரு கட்டில் சட்டமும் அலுமாரியின் முதுகுப்பலகையும் இழுத்துவந்து, அளந்து, அறுத்து, அழுகின சட்டத்தின் இடத்தில் பொருத்தினேன். நாலங்குலத் தடிமரம் போடச் சொன்னார் அப்பா. அந்தப் பாரத்தை இந்தச் சில்லும் அச்சும் தாங்காது என்று பதினாலு வயதிலேயே எனக்குப் புரிந்திருந்தது, முடியாது என்றுவிட்டேன். தகட்டைத் தட்டி நிமிர்த்தி, மூலையிலும் ஜன்னலோரத்திலும் பசை வைத்து அடைத்தேன். புதன் காலை எட்டு மணிக்கு நாலு காலையும் இறக்கி நிறுத்திவிட்டுத்தான் கை கழுவினேன்.

மாமி வலதுகால் வைத்து ஏறினார். அம்மா மறுபடியும் பால் காய்ச்சினார். இந்த முறை உள்ளே இரண்டே பேர், மிச்சப்பேர் புல்லில் நின்று ஜன்னலால் பார்த்தார்கள். செல்லையா அண்ணை வேலிக்கரைக்கே போய் நின்றுகொண்டார்.

அந்தக் குளிர்காலம் ஆக்லாந்து மழை விடாமல் பெய்தது. நான் தினமும் காலையில் போய், "மாமி, ஒழுகினதோ?" என்று கேட்பேன். "இல்லையப்பன், நல்லாக் கிடக்கு" என்பார். மாமா தலையாட்டுவார். போதாதா? வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டுபோய் என் மூலையைத் தட்டிக் காட்டினேன். பிள்ளை பிறந்து அந்தக் காரவனுக்குள்தான் வந்தது. வந்து எட்டு மாதம் கழித்து அவர்கள் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு சின்ன வீட்டுக்கு ரென்ட் கொடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் நான் ஒரு காரவன் பட்டறைக்குப் போய், "ஒன்று திருத்தியிருக்கிறேன், எட்டு மாதம், ஒரு சொட்டு இல்லை" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். வேலை தந்தார்கள். அந்த வசனத்தை நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

போன குளிர்காலத்தில், ஆல்பனியில் மகனோடு இருக்கிற மாமியைப் பார்க்கப் போனேன். மாமா போய்ச் சேர்ந்து சில வருடம். பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் கதைத்துக்கொண்டிருக்க, நான் இந்தக் கதையை எடுத்துவிட்டேன். ஒரு சொட்டு இல்லை என்ற இடத்துக்கு வந்ததும் மாமி சிரித்தார்.

"அது ஒழுகினதுதானே அப்பன்," என்றார்.

"என்ன மாமி?"

"முதல் மழைக்கே ஒழுகினது. தலைமாட்டிலை. சொட்டுற சத்தம் உனக்குக் கேக்கக்கூடாதெண்டு சட்டிக்குள்ளை துவாய் போட்டு வைச்சனாங்கள். மாமா ஈரப் பக்கம் படுப்பார், பிள்ளையும் நானும் மற்றப் பக்கம். விடிய நீ எழும்ப முன்னம் வேலிக்கு அங்கால போய்ப் பிழிஞ்சுபோட்டு வருவார்."

"ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீ ஆக்களைக் கூட்டிவந்து தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டு நிண்டனி. எந்த வாயாலை சொல்லுறது?"

பிழை எங்கே என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அழுகின இடத்தை மாற்றினேனே தவிர, தண்ணீர் நுழைந்த இடத்தைத் தேடவில்லை. கூரையின் முன்பக்க மூட்டில் நுழைந்து, சட்டத்துக்குள்ளாலே ஓடி, வேறு எங்கேயோ சொட்டியிருக்கிறது. இன்றைக்கு என் பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவன் இப்படிச் செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

அந்தக் காரவனை யாரோ கடற்கரைப் பக்கம் இழுத்துப்போனார்கள், அதோடு சரி. பின்வளவில் இப்போது இரண்டு மாடிவீடுகள் நிற்கின்றன. என் பட்டறைக்கு வருகிறவர்கள் காரவனுக்குள் ஒரு சொட்டு விழுந்தால் போதும், படம் பிடித்து எனக்கு அனுப்பிவிடுகிறார்கள், அனுப்பட்டும், அவர்கள் செய்வதுதான் சரி. எட்டு மாதம் ஈரத்தில் படுத்துக்கொண்டு தலையாட்டுகிற ஆட்கள் இப்போது இல்லை. என்றாலும் நான் எந்த வேலை முடித்தாலும், "ஒழுகுகிறதா?" என்று யாரையும் கேட்பதில்லை. முதல் மழைக்கு அடுத்த நாள் நானே போய், மெத்தையைத் தூக்கி, அடியில் கையை வைத்துப் பார்க்கிறேன்.