ஜூன் பதினாறு, வடக்கே சூலம்

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் தினசரி காலண்டரைக் கிழிக்கும் உரிமை மாமனாருக்கு மட்டும்தான். நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு ராகு காலம், எமகண்டம், எந்தத் திசையில் சூலம், எந்த ராசிக்குச் சந்திராஷ்டமம் என்று ஊருக்கே கேட்கும்படி வாசிப்பார். அன்றைக்கு யார் எங்கே போகலாம் என்பது அதோடு முடிவாகிவிடும்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் ‘இதே நாளில்’ என்று இரண்டு வரி இருக்கும். அதை அவர் சீந்துவதே இல்லை. எனக்கு வேண்டியது அதுதான். நான் வேலை பார்க்கும் சின்னத் தனியார் பள்ளியில், காலை வழிபாட்டில் அதைச் சொல்வது என் பொறுப்பு.

அந்த ஜூன் பதினாறு காலையில் திண்டிவனத்தில் ஒரு பெரிய பள்ளி என்னை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. என் வீட்டுக்காரருக்கும் வேலை திண்டிவனத்தில்தான். தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். எனக்கும் அங்கே கிடைத்தால் தனிக்குடித்தனம் போய்விடலாம் என்று அவரே சொல்லியிருந்தார். இந்த வீட்டை விட்டு வெளியேற எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

புடவை கட்டி, சான்றிதழ்களைப் பையில் வைத்துக்கொண்டு வந்தால், காலண்டர் முன்னால் மாமனார்.

“எங்கம்மா கெளம்பிக்கினு இருக்க? இன்னிக்குச் செவ்வாய். வடக்கே சூலம்.”

“பால் குடிச்சுட்டுப் போறேன் மாமா. அதான் பரிகாரம்னு நீங்கதானே சொல்வீங்க?”

“சூலத்துக்குப் பால் போதும். உன் ராசிக்குச் சந்திராஷ்டமம் வேற கீதே, அதுக்கு இன்னா பண்றது? புதுக் காரியம் வெளங்காது. பேசாம உன் பள்ளிக்கூடத்துக்குப் போ.”

நான் காய்ச்சி வைத்த பாலை வீட்டுக்காரர் எடுத்துக் குடித்தார். அவர் போவதும் அதே வடக்குதானே. “அப்பா சொன்னா கேட்டுக்கயேன். இன்னொரு நாள் போனா போச்சு” என்று காலி டம்ளரை என் கையிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைச் சுவரில் அடித்திருக்க வேண்டும். கழுவிக் கவிழ்த்தேன்.

வழிபாட்டில் மைக்கைப் பிடித்தேன். “இதே நாளில், 1963இல், உலகிலேயே முதன்முறையாக ஒரு பெண் விண்வெளிக்குப் போனார். தன்னந்தனியாக. இதே நாளில், 1976இல், தென்னாப்பிரிக்காவில் திணிக்கப்பட்ட மொழியில் படிக்க மாட்டோம் என்று பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது. அப்போதும் பிள்ளைகள் அடங்கவில்லை.” என் குரல் தேவைக்கு மேலேயே ஓங்கிவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். வானத்துக்குச் சூலம் கிடையாது, அந்தப் பெண்ணுக்கு நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்புக்குப் போகும் வழியில் திண்டிவனத்திலிருந்து போன். தலைமையாசிரியர் அம்மாவே பேசினார்.

“உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்கோம் டீச்சர். கெளம்பிட்டீங்களா?”

“இன்னிக்கு முடியலைங்க மேடம்.”

“சரி, உங்களுக்காக நாளைக்கு வரைக்கும் பாக்கறேன். காலைல வந்துடுங்க. அதுக்கு மேல தள்ள முடியாது.”

வருகிறேன் என்று ஒரு சொல் போதும். பக்கத்தில் மாமனார் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. வராந்தாவில் நான் மட்டும்தான் நின்றேன்.

“நாளைக்கும் எனக்கு நாள் சரியில்லைங்க மேடம்” என்றேன்.