நுரைக்காத கிணறு

டெல்ஃபீன் ரிவார் எதையும் மறக்கிற ரகம் இல்லை. ஞாயிறு தவறாமல் மாக்ஸி ஊர் மாதா கோயிலில் மண்டியிடுவாள். ஜெபத்தில் மன்னிப்பு பற்றிய வரி வரும்போது மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வாள். முன் பெஞ்சில் பக்கத்துத் தோட்டத்து ஓனெசீமின் தடித்த பிடரி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு எவளால் மன்னிக்க முடியும்?

மூன்று கோடைக்கு முன், வாய்க்காலில் அவளுடைய முறை வந்த நான்கு நாளும் அவன் மேல்மடையை அடைத்துத் தண்ணீரைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டான். கேட்டதற்கு, "கரை உடைஞ்சு போச்சும்மா" என்றான். அவளும் கணவன் அல்சீதும் புதிதாக நட்டிருந்த, பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடி வேரோடு கருகியது. அல்சீத் பிழைப்புக்காக மரம் வெட்டப் போனான். டிசம்பரில் சவப்பெட்டியில் திரும்பி வந்தான். மறுபடி நட்டு, பந்தல் கட்டி, ஒற்றை ஆளாக அவள் நிமிர்த்திய கொடிகள்தான் இப்போது நிற்பவை. இந்த அறுவடையும் போனால் நிலத்தை விட வேண்டியதுதான்.

இந்த வருஷம் ஜூனில் அசுவினிப் பூச்சி இறங்கியது. பள்ளத்தாக்கு முழுக்க எல்லாரும் திமிங்கல எண்ணெய் சோப்பைக் காய்ச்சி, பீப்பாயில் கரைத்து, கைப்பம்பால் அடித்தார்கள். டெல்ஃபீனின் இலைகள் தெளிந்தன. ஓனெசீமின் இலைகளில் பூச்சி அப்பிக் கிடந்தது. அவன் வேலியோரம் வந்து நின்றான்.

"ஏம்மா டெல்ஃபீன், உன் கொடி மட்டும் எப்படிச் சுத்தமா இருக்கு? வேற என்ன கலக்குற?"

"நீங்க வாங்குற அதே சோப்புதான். அளவும் அதேதான். வேணும்னா டப்பாவைப் பாருங்க."

"நானும் அதைத்தானே அடிக்கிறேன்!"

"இலைக்கு அடியில படுற மாதிரி அடிங்க. குனிய முடியலையோ என்னவோ."

ஒரு சொல்லும் பொய் இல்லை. தண்ணீரைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாய்க்கால் தண்ணீர் மலைப்பனி உருகி வருவது, சோப்பு பொங்கி நுரைக்கும். அவன் வாய்க்காலில் ஒரு வாளிகூட வீணாக்க மனமில்லாமல் கிணற்றிலிருந்து கலக்கினான். சுண்ணாம்பு ஊறிய அந்தக் கிணற்று நீரில் சோப்பு திரிந்துபோகும், பூச்சி சாகாது. அந்த வீட்டில் துணி துவைக்க ஓர் ஆள் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அவனோ தனிக்கட்டை, துணியை டவுனுக்கு அனுப்புகிறவன்.

அவன் சோப்பை இரட்டிப்பாக்கினான். பம்பு அடைத்தது, இலை வெந்தது, பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குச் சிறகு முளைத்து டெல்ஃபீனின் பந்தலுக்கும் வந்தது. ஒரு சொல் சொன்னால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு நாளைக்கு ஒரு முறை அடித்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கொடி பிழைத்தது.

செப்டம்பரில் ஓனெசீம் பூச்சியால் கரிபடிந்த ஹாப்ஸை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தான். வாங்க வந்தவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். டெல்ஃபீன் இரண்டு வாளி எடுத்துவைத்தாள். ஒன்றில் தன் கிணற்று நீர், இரண்டு தோட்டத்துக் கிணறும் ஒரே பாறையில் வெட்டியவைதான். மற்றதில் வாய்க்கால் நீர். இரண்டிலும் சோப்பைப் போட்டுக் கலக்கினாள். ஒன்று கட்டி கட்டியாகத் திரிந்தது. மற்றது நுரைத்து வழிந்தது.

அவன் திரிந்த கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்தான்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஜூன்லயே தெரியும்."

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன்," என்றாள் டெல்ஃபீன். "வழியில கரை உடைஞ்சு போச்சு."

அடுத்த ஞாயிறு முன் பெஞ்சில் அந்தப் பிடரி தொங்கிக் கிடந்தது. ஜெபத்தில் அந்த மன்னிப்பு வரி வந்தது. இனிமேல் வாய் தானாகத் திறக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். திறக்கவில்லை.