பாறைக்குப் போகும் வண்டில் பாதை

என் மருமகன் கட்டாரிலிருந்து வந்து ஒரு பழைய ஜீப் வாங்கினார். பொத்துவிலுக்கு வரும் வெள்ளைக்காரரைக் காட்டுக்குக் கூட்டிப்போய் யானை காட்டுவது அவருடைய எண்ணம். போய்ப் பார்த்தால், தேசியப் பூங்கா வாசலில் கலியாண வீட்டு வாசல் போல ஜீப்புகள் நிற்கின்றன. புதிதாக வந்தவருக்கு முறை வர மத்தியானமாகிவிடும். அந்நேரம் யானைகள் நிழலுக்குள் போய்விடும். மூன்று மாதம் பார்த்தார். பிறகு ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, "திரும்பக் கட்டாருக்குப் போறதுதான் வழி" என்று என் மகளிடம் சொன்னார்.

மகளுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். அவள் கறிச்சட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே அது என் வீட்டுச் சோறு, அந்தப் பேச்சும் என் வீட்டுக்குள் நடந்த பேச்சு. நான் மருமகனோடு நேருக்கு நேர் நின்று அதிகம் கதைப்பதில்லை. அன்றைக்கும் கதவு மறைவில் நின்றுதான் சொன்னேன்.

"மகன், அந்த வாசல்ல நிண்டு ஏன் காயிறீங்க? பூங்காவுக்குள்ள போகாம வெளியால சுத்திப் போற பாதை ஒண்டு எனக்குத் தெரியும். முடிவுல ஒரு பாறை இரிக்கி. ஏறினா இந்தப் பக்கம் குளம், அந்தப் பக்கம் கடல். பின்நேரம் யானை தண்ணிக்கு இறங்கும்."

"மெய்யா மாமி?"

"நான் பொய் சொல்லுற ஆளா?"

நான் பொய் சொல்லவில்லை. என் கணவர் அந்தக் காட்டோரம் வேளாண்மை செய்தார். விதைப்பு முடிந்ததும் காவலுக்கு அங்கே ஓலைக் குடிலாக ஒரு வாடி போட்டுத் தங்குவோம். பொத்துவிலிலிருந்து மாட்டு வண்டிலில் போவோம். ஏழு போகம் அப்படிப் போய் வந்திருக்கிறேன்.

"உம்மா, அது எந்தக் காலம்" என்றாள் மகள்.

"பாறை எழும்பி நடந்தா போயிருக்கும்?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டேனே தவிர, அதன் பிறகு எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. முற்றத்தைக் கூட்டினேன். கூட்டிய முற்றத்தையே அசர் தொழுகைக்குப் பிறகும் கூட்டினேன். கண்ணை மூடிப் பாதையை நினைத்தால் நன்றாகத் தெரிகிறது. திறந்தால் போய்விடுகிறது.

மறுநாள் விடியச் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மகள் வாசல் படலை வரை வந்தாள். "தெரியலண்டா தெரியலண்டு சொல்லிடுங்க உம்மா. அவரைச் சும்மா சுத்த வைக்காதீங்க" என்று என் காதோடு சொன்னாள். நான் ஜீப்பில் ஏறினேன்.

"முன்னுக்கு இரிங்க மாமி, நீங்கதானே வழிகாட்டி" என்றார் மருமகன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் இருந்தேன். அக்கரைப்பற்றுச் சந்தியில் யாராவது தெரிந்தவர் கண்டுவிடுவாரோ என்ற கூச்சமும் இருந்தது, கண்டால்தான் என்ன என்ற பெருமையும் இருந்தது.

பொத்துவில் தாண்டி மேற்கே இறங்கினோம். வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தில் கொப்புகள் முறித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காட்டுக்குள் போகிறவர்கள் யானைக்குப் பயந்து, காவல் வேண்டி அப்படித் தூக்குவது அந்தக் காலத்திலும் உண்டு. எனக்கு மூச்சு வந்தது. இதுதான் பாதை என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றுமே தெரியவில்லை. பாதை இரண்டாகப் பிரிந்தது. மறுபடி பிரிந்தது. முள் ஜீப்பைக் கீறிய சத்தம் என் பல்லில் கூசியது.

"இப்ப எங்கால மாமி?"

"மேற்கால விடுங்க."

"இப்ப?"

"நேரே."

நேரே போய் யானை மின்வேலியில் முட்டிக்கொண்டு நின்றோம். அவர் இஞ்சினை நிறுத்தினார். கோபிக்கவில்லை. தண்ணீர் குடித்தார், போத்தலை எனக்கும் நீட்டினார். ஏசியிருந்தால் நானும் இரண்டு சொல் சொல்லியிருப்பேன்.

"மாமி, அந்தப் பாறை இரிக்கிதானே?"

"பாறை இரிக்கி. வழி எனக்குத் தெரியல்ல மகன்" என்றேன். என் ஆயுளில் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பைத் திருப்பினார். வந்த வழியே கிழக்கு நோக்கிப் போனோம். கொஞ்சத் தூரந்தான். அடியில் ஒன்றாகவும் மேலே இரண்டாகவும் நின்ற ஒரு பாலை மரம் முன்னால் வந்தது. அந்த மரத்தை நான் அறிவேன். வரும்போதும் இதைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம், அப்போது அதன் முகம் எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் விளங்கியது. வண்டிலில் ஓட்டுகிறவருக்குப் பின்னால் சீலை கட்டி மறைத்திருப்பார்கள். பெண்கள் அந்த மறைப்புக்குள், பின்வாசலைப் பார்த்தபடி இருப்போம். ஏழு போகமும் நான் போன பாதையைப் பின்னால் பார்த்துத்தான் போனேன். எனக்கு முன்னால் வந்தது எதையும் நான் கண்டதில்லை. எல்லாம் என்னை விட்டு விலகிப் போவதைத்தான் கண்டேன்.

"நிப்பாட்டுங்க! நான் பின்னுக்கு இரிக்கணும்" என்றேன்.

"ஏன், தலை சுத்துதா?"

"இல்ல. பின்னுக்குப் பார்த்தாத்தான் எனக்கு வழி தெரியும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சொன்னபடி செய்தார். ஜீப் மறுபடி மேற்கே திரும்பியது. நான் பின் ஆசனத்தில் முழங்கால் குத்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மரத்தையே பார்த்தேன். அது சின்னதாகி, இன்னும் சின்னதாகி, என் கை நீளம் ஆனது. அந்த அளவில்தான் அந்தக் காலத்தில் வண்டில் திரும்பும், அப்போது மரம் என் இடக்கைப் பக்கம் ஒதுங்கி மறையும்.

"இதிலதான்! இதில திருப்புங்க!"

"எந்தக் கைப்பக்கம் மாமி?"

"மரம் எனக்கு இடப்பக்கம் போகோணும். நீங்களே பார்த்துத் திருப்புங்க!"

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே வலப்பக்கம் ஒடித்தார். புல்லுக்கு அடியில் பழைய வண்டில் சில்லுத் தடம் பள்ளமாகக் கிடந்தது.

பாறை நான் சொன்னதைவிடச் சிறியது. என்னால் ஏற முடியவில்லை, மருமகன் ஏறினார். அடியில் இருந்துகொண்டு, "கடல் தெரியுதா?" என்று கத்தினேன். இரண்டாந்தரம் கத்தினேன்.

"தெரியுது மாமி. குளமும் தெரியுது. யானை இல்ல, லத்தி கிடக்கு."

"காலையில யானை வருமா? பின்நேரம் எண்டுதானே சொன்னன்!"

வீட்டுக்கு வந்ததும் அவர் மகளிடம், "உங்கட உம்மாவைப் பின்னுக்குத் திருப்பி வச்சாத்தான் வேலை செய்யும்" என்றார். மகள் சட்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

இப்போது அந்தப் பாதையில்தான் ஆட்களைக் கூட்டிப்போகிறார். சில நாள் ஆள் உண்டு, சில நாள் இல்லை. கட்டார்க் கதையை அவர் எடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை. ஜீப் சத்தம் கேட்கும்வரை படலைக்கும் அடுப்படிக் குசினிக்குமாக நடக்கிறேன். அவருடைய பாஸ்போட் இன்னும் அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. தூசு தட்டும்போது அதை மட்டும் தட்டாமல் விடுகிறேன்.