அந்தக் குறட்டைச் சத்தம்

மதுரை தல்லாகுளத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு மதியம் எல்லோரையும் மீட்டிங் ஹாலுக்கு வரச் சொன்னார்கள். திடீரென்று இதயம் நின்று விழுகிறவரைக் காப்பாற்றப் பயிற்சியாம். என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து சீட்டுக்காரம்மா, "நீங்க வராட்டி பரவால்ல, நான் சொல்லிக்கிறேன்" என்றார். இருந்தும் போனேன்.

என் கணவர் கப்பலூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். ஐம்பத்தோரு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கறி வாங்கி வந்து பையை என்னிடம் நீட்டி, "இன்னைக்கு எலும்ப நெறையா போட்டுட்டான்" என்றார். பையை வைத்துவிட்டுத் திரும்பினேன். அடுப்படி வாசலில் விழுந்து கிடந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை. ஆனால் தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது.

"மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று கத்தினேன். மகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். கடைவாய் வழியாக அது அப்படியே வழிந்தது. மாடி வீட்டு அண்ணன் வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

ஹாலில் தரையில் இடுப்பு வரைக்கும் உள்ள ஒரு ரப்பர் பொம்மை கிடந்தது. சொல்லிக்கொடுக்க வந்தது சின்ன வயது நர்ஸ். நெஞ்சுக்கு நடுவே கைகளை வைத்து எப்படி வேகமாக அழுத்த வேண்டும் என்று காட்டினாள். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷினையும் திறந்து காட்டினாள். என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசிச் சொன்னது. "நம்மள விட வெவரமா இருக்கே" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அவள் சொன்னாள். "விழுந்தவங்களுக்கு சில நேரம் குறட்டை விடுற மாதிரி சத்தம் வரும். மூச்சு இருக்குன்னு நெனச்சு விட்றாதீங்க. அது மூச்சே இல்ல. 108க்கு சொல்லிட்டு ஒடனே அழுத்த ஆரம்பிச்சிருங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க."

என் முறை வந்தபோது முட்டி போட்டு அழுத்தினேன். "போதும்க்கா" என்றாள். நிறுத்த முடியவில்லை. "அக்கா, போதும்" என்று தோளைத் தொட்டாள்.

எல்லோரும் போனபின் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்பவே அழுத்தியிருந்தா பொழச்சிருப்பாராம்மா?"

அவள் பொய் சொல்லவில்லை. "பொழச்சிருக்கலாம்க்கா. பொழைக்காமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

மகளிடம் இதைச் சொல்லவே கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்தேன். தண்ணீர் ஊற்றியது அவள்.

ஒரு மாதம் கழித்து அவளே வந்து நின்றாள். "காலேஜ்ல நாளைக்கு முதலுதவி ட்ரெய்னிங்மா. வர லேட்டாகும்."

"நாளைக்கு லீவு போட்டுரு. எனக்கு ஒடம்பு முடியல."

என் முகத்தையே பார்த்தாள். "தண்ணி ஊத்தக் கூடாதுன்னு அங்க சொல்லுவாங்கன்னுதானே?"

"உனக்கு யாருடி சொன்னா?"

"அப்பாவுக்குக் காரியம் முடிஞ்ச அன்னைக்கே போன்ல பாத்துட்டேன்மா."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அந்தச் சத்தம் மூச்சு இல்லன்னும் அதுல போட்டிருந்துச்சு. நீதான மூச்சு இருக்குன்னு கத்துன. உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னுதான்."

பத்தொன்பது வயதுப் பிள்ளை இத்தனை மாதம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுததில்லை.

மறுநாள் காலேஜுக்குப் போனாள். சாயங்காலம் வந்து, "மணிக்கட்டு வலிக்குதும்மா" என்று கையை நீட்டினாள். தைலம் தேய்த்துவிட்டேன்.